ஏழாவது டேங்கின் முத்திரை

“பத்திரிகையில பேரு போட்டிருந்தா அந்தாளு கல்யாணத்துக்கு வந்தாருன்னு அர்த்தமாக்கா?”

எப்போதோ ஒரு மணப்பெண் ஜோதி மேரியிடம் கேட்ட கேள்வி அது. மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குத் தாசில்தார் மாமா ஒருவர் இருப்பதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். சாட்சிக்கு அண்ணன்காரனின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்கள். மாமாவின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஜோதி மேரி தெருத்தெருவாக விசாரித்தாள். அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே மாமா போய்ச் சேர்ந்திருந்தார். அச்சகத்தில் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, பெண் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மண்ணுக்குள் போன மனுஷர் ஊரையெல்லாம் வருக வருக என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கே யார் பெயரைப் பார்த்தாலும் அவளுக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில், பாத்திரக்கடை மாடியில் இருக்கும் அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில், எதிர் நாற்காலியில் இசைவாணி உட்கார்ந்திருந்தாள். புவனகிரிப் பெண். அப்பா ஆண்டி வெற்றிலைக்கொடிக்கால் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவள். அழுது ஓய்ந்த முகம். துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அவள் திக்கித் திணறிச் சொன்னதன் சாரம் இதுதான். சிதம்பரத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டு புரோகிராம் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரி அவர்களுடைய வாடிக்கை. அங்கே ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு ஃபைல். காற்றில் வாயு எந்த அளவைத் தாண்டினால் சைரன் அலற வேண்டும் என்று அந்த ஃபைலில் எழுதியிருக்கும். ஏழாவது டேங்கின் ஃபைலில் அந்த அளவை யாரோ மூன்று மடங்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். போன வாரம் வாயு கசிந்தது. சைரன் வாயே திறக்கவில்லை. தங்கராசு என்ற தொழிலாளி சுருண்டு விழுந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டுத்தான் மூச்சு விடுகிறார்.

“அந்த ஃபைல நான் தொட்டதே இல்லக்கா. ஆனா என் பேரு இருக்கு.”

பெயர் எப்படி வந்தது என்று ஜோதி மேரி கேட்டாள். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஒரு வரி உண்டாம். இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவில் ஒரு பெயரும் தேதியும். ஆபீசில் அதை முத்திரை என்பார்கள். யாரும் கையால் எழுதுவதில்லை. திருத்திய ஃபைலை சர்வருக்கு அனுப்புவதற்குக் கமிட் என்று பெயர். கமிட் செய்யும்போது, கடைசியாகத் தொட்டவர் பெயரையும் தேதியையும் கம்ப்யூட்டரே அந்த வரியில் நிரப்பிக்கொள்ளும். ஏழாவது டேங்கின் முத்திரையில் இருப்பது இசைவாணி, மார்ச் பதினாலு.

இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் போலீஸ். முதலாளி அருண்குமார் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். போட்டால் தங்கராசுவின் உயிர் அவள் தலையில், போடாவிட்டால் ஜெயில். இரண்டுக்கும் நடுவில் அப்பா ஆண்டிக்கு விஷயமே தெரியாது.

“ஆபீசுல உன் பக்கம் பேசுற ஆளே இல்லியா?” என்று கேட்டாள் ஜோதி மேரி.

“சகாய ஆனந்த் சார் இருக்காருக்கா. எங்க டீம் லீடர். அவருதான் சொன்னாரு, பேசாம கையெழுத்துப் போட்டுடும்மா, பாண்டிச்சேரியில வேற வேல நான் வாங்கித் தரேன்னு. ரொம்ப நல்லவரு.”

ஜோதி மேரி அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி கிடையாது. அவளுக்கும் சேர்த்துப் பேசத்தான் காத்தவராயன் இருந்தான். நாற்பதைத் தாண்டியவன், தொப்பை உள்ளவன், உதவியாளனாக வருவதற்கு முன் ஃப்ளெக்ஸ் கடையில் பேனர் டிசைன் போட்டவன். வாசல்படியில் சாய்ந்துகொண்டு அவன் சொன்னான்:

“நல்லவருன்னு சொன்னாலே எங்க மேடத்துக்குக் கண்ணு சுருங்கும். என்னய நல்லவன்னு யாரும் சொல்லாததாலதான் இங்க வேலயில இருக்கேன்.”

காத்தவராயனின் ஆம்னி வேன் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் ஓடியது. செம்மங்குப்பம் நெருங்கும்போதே கெமிக்கல் வாடை மூக்கில் ஏறியது. கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னாள் இசைவாணி. ஏற்றினால் உள்ளே இருப்பது வெளியே போக முடியாது, அதைவிட இது தேவலை என்றான் காத்தவராயன்.

ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே ஜெயராணியின் டீக்கடை. செக்யூரிட்டியிடம் கேட்டால் நூறு கேள்வி வரும். டீக்கடையில் ஒரு டீ போதும். ஜெயராணி ஐம்பது வயதுக்காரி. எதிரே நடப்பதைப் பார்ப்பதற்காகவே கடை வைத்தவள் போல இருந்தாள். ஏழாவது டேங்க் எப்போது வந்தது என்று ஜோதி மேரி போகிற போக்கில் கேட்டாள்.

ஆடி மாதம் என்றாள் ஜெயராணி, யோசிக்கவே இல்லாமல். கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு முந்தின நாள். டிரைலரில் ஏற்றி வந்தார்கள். வளைவில் திரும்ப முடியாமல் டேங்க் போய் இடித்து, திருவிழா பேனர் கிழிந்து ஒரே ரகளை. இளவட்டங்கள் டிரைலரை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். புது பேனர் காசு கொடுத்த பிறகுதான் டேங்க் உள்ளே போனது.

“அந்த பேனர நாந்தான் டிசைன் பண்ணேன்,” என்றான் காத்தவராயன். “மாரியம்மன விட ஏரியா தம்பிங்க மூஞ்சிதான் பெருசா இருக்கும். கிழிஞ்சது அம்மன் செயல்.”

அப்புறம் சைரன் விஷயம். பழைய டேங்குகளுக்கு அது பொசுக்கென்றால் அலறுமாம். அலறினால் வேலையை நிறுத்தி எல்லோரும் வெளியே வர வேண்டும். ஜெயராணிக்கு டீ வியாபாரம் அதில்தான். மேனேஜர் வெளியே நின்று போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். ஏழாவது டேங்க் ஓட ஆரம்பித்த புதிதில் சைரன் பழையபடி அலறியிருக்கிறது. ஒருநாள் சிதம்பரத்திலிருந்து வெள்ளைக் கார் ஒன்று வந்துபோனது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

“டீ ஓட்டமும் நின்னுபோச்சு. பாவம் அந்தத் தங்கராசு அண்ணன், டெய்லி இங்கதான் டீ குடிப்பாரு. சக்கர இல்லாம.”

காரில் வந்தது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்ததாம்.

வேனில் ஏறியதும் ஜோதி மேரி இசைவாணியிடம் கேட்டாள், அருண்குமார் கார் என்ன நிறம் என்று. வெள்ளை என்றாள் இசைவாணி. சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள்.

“மார்ச்சுல முத்திர. ஆடியிலதான் டேங்கே வருது,” என்றான் காத்தவராயன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. “பொறக்காத புள்ளைக்கு நாலு மாசம் முன்னாடியே பேரு வச்சு காதும் குத்திட்டாங்க.”

சிதம்பரம் மேலவீதியில், ஜவுளிக்கடைக்கு மேலே அந்த ஆபீஸ். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஐந்து மேஜை, ஒரு ஏசி, சுவரில் எல்லா மதத்துக்கும் ஒரு காலண்டர். அருண்குமார் முப்பத்தைந்து வயதுக்காரன். மினுமினுக்கும் புது லேப்டாப்பைக் கையை விட்டு இறக்காமல் பேசினான். இரண்டு பையன்கள் தங்கள் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். எழுந்து வந்து நாற்காலி எடுத்துப் போட்டவர் சகாய ஆனந்த் ஒருவர்தான். மெல்லிய உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பென் டிரைவ். ஜோதி மேரியின் பெயரைக் கேட்டதும் எந்தச் சர்ச், எந்தப் பங்கு என்று விசாரித்தார். எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

மார்ச்சில் இல்லாத டேங்குக்கு மார்ச்சில் எப்படி ஃபைல் வந்தது என்று ஜோதி மேரி கேட்டதும் அருண்குமார் சிரித்தான். டேங்குக்கு வரைபடம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டதாம். முன்கூட்டியே எழுதி வைத்திருப்பாள் என்றான். இசைவாணி மறுத்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மேடம், லாஜிக் சிம்பிள். யாரு தொட்டாலும் முத்திர தானா மாறிடும். இது மாறல. அப்படின்னா மார்ச் பதினாலுக்கு அப்புறம் இந்த ஃபைல யாருமே தொடலன்னு அர்த்தம். கடைசியா தொட்டது இந்தப் பொண்ணு.”

சர்வரில் வேறு கணக்கு இருக்காதா, யார் அனுப்பினார்கள் என்று அது சொல்லாதா என்று காத்தவராயன் கேட்டான். அருண்குமார் கொஞ்சம் தயங்கினான். மே மாதம் வாடகை குறைவான புது சர்வருக்கு மாறியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கு என்றால் வாடகை ஏறும். ஆகவே எல்லோருக்கும் ஒரே பெயர்: ஆபீஸ். சர்வரைக் கேட்டால் எல்லாவற்றையும் ஆபீஸ்தான் செய்தது என்று சொல்லும்.

“நல்ல ஏற்பாடு. ஊருக்கே ஒரு ரேஷன் கார்டு,” என்றான் காத்தவராயன்.

ஜோதி மேரி எழுந்து அருண்குமாரின் லேப்டாப் பக்கம் போனாள்.

“தானா மாறும்னு சொன்னீங்க இல்ல. இப்ப நீங்களே தொடுங்க. பாப்போம்.”

அருண்குமார் தோளைக் குலுக்கிவிட்டு ஏழாவது டேங்கின் ஃபைலைத் திறந்தான். கடைசி வரியில் ஒரு இடைவெளி தட்டினான். கமிட் செய்தான். பிறகு ஃபைலின் தலைக்குப் போனான்.

இசைவாணி. மார்ச் பதினாலு.

மறுபடியும் ஒரு இடைவெளி தட்டி அனுப்பிப் பார்த்தான். பொத்தானை அழுத்துகிற வேகம் கூடியது. முத்திரை இம்மியும் அசையவில்லை. அருண்குமார் தொட்டதையும் அந்த ஃபைல் இசைவாணி கணக்கிலேயே எழுதி வைத்திருந்தது. காரின் நிறத்தோடு இதையும் சேர்த்து யோசித்த காத்தவராயன் கதவுப் பக்கம் நகர்ந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றான்.

“கீவேர்டு செட்டிங் இல்ல,” என்றாள் இசைவாணி. அவள் குரல் அப்போதுதான் முதன்முறையாக நடுங்காமல் வந்தது.

அவள் விளக்கினாள். முத்திரை எல்லா ஃபைலிலும் சும்மா வந்துவிடாது. இந்த ஃபைலில் முத்திரையை நிரப்பு என்று ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டிங் வேண்டும். அது இருந்தால்தான் டாலர் குறிகளுக்கு நடுவில் இருப்பதை கம்ப்யூட்டர் அழித்து எழுதும். இல்லாவிட்டால் அது வெறும் எழுத்து. யார் வந்தாலும் போனாலும் அப்படியே கிடக்கும். ஆறாவது டேங்கின் ஃபைலை அவள் மார்ச் பதினாலில்தான் முடித்தாள். அப்போது பழைய சர்வர், ஆளுக்கொரு பெயர். யாரோ அதை நகல் எடுத்து, ஏழு என்று பேர் மாற்றி, புது ஃபைலாக உள்ளே போட்டு, அப்புறம் அளவையும் ஏற்றியிருக்கிறார்கள். அவள் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

“அட, இது எங்க கடை வேல,” என்றான் காத்தவராயன். “பழைய பேனர எடுத்து மூஞ்சிய மாத்துவோம். கீழ ஒரு மூலையில போன வருஷத்து ஆளு கையெடுத்துக் கும்பிட்டுகிட்டே நிப்பாரு. யாரும் பாக்க மாட்டாங்க.”

மற்ற ஃபைல்களுக்கு அந்த செட்டிங்கை யார் போடுகிறார்கள் என்று ஜோதி மேரி கேட்டாள். இரண்டு பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஆபீசில் ஒரு வழக்கம் உண்டாம். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தால், பொட்டு வைத்து ஸ்வீட் பிரிப்பதற்கு முன்னால், சகாய ஆனந்த் சார் கழுத்து பென் டிரைவைக் கழற்றிச் செருகி ஒரு செட்டிங் ஃபைலை அதில் போட்டுவிடுவார். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் பிறக்கிற ஒவ்வொரு புது ஃபைலுக்கும் முத்திரை தானாக உயிர் பெறும். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் கிண்டலாக அதற்கு ஞானஸ்நானம் என்று பேர் வைத்திருந்தார்கள். செட்டிங் சர்வரில் இருக்காது. அவரவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கும்.

“அப்ப ஞானஸ்நானம் வாங்காத கம்ப்யூட்டர் ஒண்ணு இங்க இருக்குது,” என்றாள் ஜோதி மேரி.

எல்லோர் கண்ணும் அருண்குமாரின் புது லேப்டாப்புக்குப் போனது. “செம்மங்குப்பத்துக்கு வெள்ளைக் காருல போனதும் நீங்கதானா?” என்றான் காத்தவராயன். வெள்ளைக் கார் கம்பெனிக் கார், சாவி அந்த ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்று அருண்குமார் அவசரமாகச் சொன்னான்.

ஜோதி மேரி எல்லோரையும் ஒரே காரியம் செய்யச் சொன்னாள். அவரவர் மேஜையில் ஒரு புது ஃபைல் திறந்து, முத்திரை வரியை வெறுமையாக எழுதி, கமிட் செய்ய வேண்டும். நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

அருண்குமார்தான் முதலில். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினான். கமிட் ஆனது. டாலர் குறிகளுக்கு நடுவில், ஆபீஸ் என்ற பெயரும் இன்றைய தேதியும் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன. அவன் நாற்காலியில் அப்படியே சாய்ந்தான். காத்தவராயன் ஏமாந்துபோனவனாகக் கதவை விட்டு நகர்ந்தான். முதல் பையனுக்கும் நிரம்பியது. இரண்டாவது பையனுக்கும். இசைவாணிக்கும்.

டீ வந்தது. சகாய ஆனந்த் தம்ளர்களை ஒவ்வொரு மேஜையாக வைத்துக்கொண்டிருந்தார். ஜோதி மேரி அவருக்காக இருந்த தம்ளரை வாங்கி அவருடைய மேஜையிலேயே வைத்தாள்.

“நீங்க மட்டும்தான் பாக்கி, சார்.”

“எனக்கு எதுக்கும்மா? எல்லாருக்கும் போட்டு விட்டதே நாந்தானே.”

“அதாலதான் கேக்குறேன்.”

அவருடைய பழைய கம்ப்யூட்டரில் ஏசித் தண்ணீர் ஒழுகி அது செத்துப்போனது, ஜூனில் புதிது வந்தது என்று பையன்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு ஸ்வீட் பிரித்தது நினைவிருக்கிறது. சார் அதில் பென் டிரைவைச் செருகியது நினைவில்லை. பழையதில் அந்த செட்டிங் பல வருஷமாகக் கிடந்தது. அது அங்கே இருப்பதையே அவர் மறந்திருப்பார்.

“ஊருக்கே குடுக்குற சாமியாருக்கு யாரு குடுப்பாங்க,” என்றான் காத்தவராயன்.

சகாய ஆனந்த் உட்கார்ந்தார். புது ஃபைல் திறந்தார். முத்திரை வரியை எழுதும்போது அவர் அருண்குமாரைப் போல அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தேடித் தட்டினார். கமிட் செய்தார். எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

இரண்டு டாலர் குறிகள். நடுவில் ஒன்றுமில்லை.

அருண்குமார் ஏதோ கேட்க வாயெடுத்தான். ஜோதி மேரி கையைக் காட்டி நிறுத்தினாள். அளவை ஏற்றச் சொல்லி ஃபேக்டரி மேனேஜர் போனில் நச்சரித்தாரா, வெள்ளைக் காரில் போய்வந்தது நீங்கள்தானா என்று சகாய ஆனந்திடம் அவள் கேட்கவில்லை. அவர் மேஜையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம் என்று அவரே சொன்னால், அதற்கு அவளிடம் மறுப்பும் இல்லை. வேறு ஒன்றுதான் அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. முத்திரையில் இசைவாணியின் பெயரைப் பார்த்த முதல் நாளே, அது எப்படி அங்கே வந்தது என்று இந்த அறையில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து அதை நம்பியது போல இருந்திருக்கிறார்.

அதை இசைவாணிதான் கேட்டாள். சத்தம் போடவில்லை.

“கையெழுத்துப் போட்டுடும்மா, பாண்டிச்சேரியில வேல வாங்கித் தரேன்னு சொன்னீங்களே சார். அப்பவே தெரியுமா?”

சகாய ஆனந்த் திரும்பி அவளைப் பார்த்தார். தங்கராசு இன்னும் மாஸ்க்கில்தான் இருக்கார் சார் என்றாள் அவள்.

அவர் எழுந்தார். கழுத்துக் கறுப்புக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். பென் டிரைவை இசைவாணியின் மேஜையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். காத்தவராயன் அதை எடுக்கக் கை நீட்ட, ஜோதி மேரி தடுத்தாள். இசைவாணிதான் செருகினாள். உள்ளே ஞானஸ்நான ஃபைல் இருந்தது. அதற்குக் கீழே ஆறாவது டேங்கின் பழைய நகல், மார்ச் பதினாலு முத்திரையோடு. அதற்கும் கீழே ஏழு, அளவு ஏற்றப்பட்டு.

அவர்கள் திரையிலிருந்து தலை நிமிர்ந்தபோது அவர் நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளியிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. கதவுக்கு வெளியே குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்ததும் உள்ளே ஒருமுறையும் பாராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, படி இறங்கிப் போனார்.